பொறுமைக்கு எத்தனை ஓவர்?

தோற்கிற அணிக்கு ரசிகராக இருந்து பார்த்திருக்கிறீர்களா நீங்கள்?

ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி. இலை போடுவார்கள், சாப்பிடலாம், வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். தோற்கிற அணி அப்படி இல்லை. துக்க வீட்டு வாசலில் போட்டிருக்கிற பெஞ்சு அது. எழுந்து போகவும் மனசு வராது. உட்கார்ந்திருப்பதால் நடக்கப்போவதும் ஒன்றும் இல்லை. ஆனாலும் உட்கார்ந்தே இருப்போம்.

2025 ஏப்ரலில் சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்கள் அத்தனை பேரும் அந்த பெஞ்சில்தான் இருந்தார்கள். உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் 23-ம் தேதி சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயித்து நல்லபடியாகத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் வரிசையாக அடி. மார்ச் 28-ல் பெங்களூரிடம் 50 ரன் வித்தியாசத்தில் தோல்வி. சேப்பாக்கத்தில் சென்னையை பெங்களூர் ஜெயித்தது 2008-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இரண்டு நாள் கழித்து கௌகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் போச்சு. ஏப்ரல் 5-ல் மறுபடி சேப்பாக்கம், டெல்லியிடம் 25 ரன். ஏப்ரல் 8-ல் பஞ்சாபிடம் 18 ரன். இது போதாதென்று, கௌகாத்தியில் துஷார் தேஷ்பாண்டே போட்ட ஒரு பந்து கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட்டின் முழங்கையில் பட்டிருந்தது. (இந்த தேஷ்பாண்டே முந்தின வருஷம்வரை நம்ம ஆள். வேலியில் போன ஓணான் கதைதான்!) வலியோடு இரண்டு மேட்ச் ஆடினார் ருதுராஜ். ஏப்ரல் 10-ம் தேதி கோச் ஸ்டீபன் பிளெமிங் வந்து உட்கார்ந்து, எலும்பில் முறிவு, இந்த சீசன் முழுக்க ருதுராஜ் இல்லை, தோனிதான் கேப்டன் என்று அறிவித்துவிட்டார்.

அதற்கு மறுநாள் நான் ஊரில் இருந்தேன்.

என் ஊர் ஏழாயிரம்பண்ணை. சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் மூன்றுக்கும் நடுவில் கரிசல் காட்டில் இருக்கிற ஊர். ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் ஆண்ட சீமை. இப்போது பட்டாசு ஆள்கிறது. வெளியூர்க்காரர்கள் பேக்டரி என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஆபீஸ்’ என்று பெயர். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். மேஜை இல்லை, நாற்காலி இல்லை, மின்விசிறி கிடையவே கிடையாது. ஆனாலும் ஆபீஸ். விடிந்ததும் வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே தள்ளித்தள்ளிக் கட்டியிருக்கிற சின்னச்சின்ன அறைகளில் திரி சொருகுவது, சரம் பின்னுவது, மருந்து செலுத்துவது என்று வேலை நடக்கும். நீங்கள் சென்னையிலோ கோவையிலோ சூப்பர் கிங்ஸ் கப் ஜெயித்ததற்காக ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு பத்தாயிரம்வாலாவைக் கொளுத்திப் போட்டிருந்தால், அதைப் பின்னியவர் என் சித்தியாகக்கூட இருக்கலாம்.

சித்திரை வருஷப்பிறப்புக்காகப் போயிருந்தேன். ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை ராத்திரி. கொல்கத்தாவோடு சேப்பாக்கத்தில் மேட்ச். டீக்கடை டி.வி. முன்னால் நல்ல கூட்டம். முந்தின நாள் நியூஸ் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ருதுராஜ் பாவம் என்பது ஒரு பக்கம் இருந்தாலும், தோனி மறுபடி கேப்டன் ஆகிவிட்டாரே என்கிற சந்தோஷம் ஒளித்து வைக்க முடியாமல் முகத்தில் தெரிந்தது. ‘‘இனிமே பாருங்கண்ணே…’’ என்றார் கடைக்காரர்.

பார்த்தோம். 20 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 103 ரன். சேப்பாக்கத்தில் சென்னை எடுத்த மிகக் குறைந்த ஸ்கோர். சுனில் நரைன் மூன்று விக்கெட் எடுத்தார். பிறகு அவரே வந்து 18 பந்தில் 44 அடித்தார். பத்து ஓவர் முடிந்து ஒரு பந்தில் கொல்கத்தா ஜெயித்துவிட்டது. இன்னும் 59 பந்து பாக்கி. கடைக்காரர் இரண்டாவது செட் பாலைக்கூட அடுப்பில் ஏற்றவில்லை.

தொடர்ந்து ஐந்தாவது தோல்வி. சேப்பாக்கத்தில் தொடர்ந்து மூன்றாவது. இரண்டுமே அந்த அணியின் சரித்திரத்தில் அதற்கு முன் நடக்காதவை.

அப்போது கிளம்பியது பாருங்கள் பேச்சு! ‘‘கோச்ச மாத்தணும்யா மொதல்ல.’’ ‘‘2009-லருந்து ஒரே ஆளு. கவர்மென்ட் உத்தியோகத்துலகூட இத்தன வருசம் ஒரே சீட்ல விடமாட்டான்.’’ ‘‘ஏலத்துல போயி கெழவனுகளா புடிச்சிட்டு வந்தா எப்படி வெளங்கும்?’’ ஒருத்தர் விடாமல் பிளெமிங்கைக் காய்ச்சி எடுத்தார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கிரிக்கெட்டில் தோல்விப் பழி கேப்டன் பாதி, கோச் பாதி என்றுதான் பிரியும். ருதுராஜ் கேப்டனாக இருந்தவரை ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தோனி கேப்டன் ஆன அன்று, கேப்டனுடைய பங்கும் சேர்ந்து பிளெமிங் தலையில் இறங்கிவிட்டது. நம்மால் தோனியைத் திட்ட முடியாது. யாரையாவது திட்டாமல் வீட்டுக்குப் போகவும் முடியாது. நியூசிலாந்துக்காரர், தமிழ் தெரியாது, வசதியாகப் போச்சு.

அத்தனை சத்தத்திலும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன் ஒருத்தன்தான். என் அக்கா மகன். முப்பது வயசு. பட்டாசு ஆபீஸில் பேன்சி வெடிப் பிரிவில் வேலை. அவனிடம் கேட்டேன், ‘‘நீ என்ன மாப்ள சொல்ற? மாத்திறலாமா?’’

‘‘ருதுராஜ் எங்க மாமா இருந்தாரு, பாத்தீங்களா?’’ என்றான்.

எனக்குப் புரியவில்லை.

‘‘கூடத்தான் இருக்கப்போறாரு மாமா. சீசன் முடியிற வரைக்கும் டீமோட இருந்து பாத்துக்கிறேன்னு வீடியோ போட்டிருக்காரு. ஆட முடியாது. ஆனா போ வீட்டுக்குன்னு அனுப்பல இல்ல? அப்படி ஒரு கோச்ச எதுக்கு மாத்தணும்?’’

இது ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். சர்வதேச கிரிக்கெட் அணிகளில் இது சாதாரணம். காயம்பட்ட ஆட்டக்காரர்களை மருத்துவக் குழு பார்த்துக்கொள்ளும், ஒப்பந்தம் இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது. இதிலெல்லாம் பிளெமிங்கின் பெருமை ஒன்றும் இல்லை என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் சொன்னவன் யார் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் காயம் என்கிற வார்த்தையை லேசாகச் சொல்லிவிட முடியாது. பேப்பரில் நீங்கள் படித்திருப்பீர்கள். ‘மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு’ என்று ஆரம்பிக்கும் அந்தச் செய்தி. ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று விதி இருக்கிறது. விதி இருக்கிற இடத்தில்தான் உராய்வும் இருக்கிறது. 2021 பிப்ரவரி 12-ம் தேதி பக்கத்தில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அது பெரிய செய்தி. டெல்லிவரை போனது. பேப்பரில் வராத சின்னக் காயங்கள் எத்தனையோ. என் மருமகனுடைய இடது கை அப்படி ஒன்று. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் பக்கத்து அறையில் குப்பென்று பிடித்ததில், இவன் கை வெந்துபோனது. ஆஸ்பத்திரிச் செலவை ஆபீஸ்காரர்கள்தான் கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. இரண்டு மாதம் வீட்டில் இருந்தான். பீஸ் ரேட்டு வேலை. செய்தால் கூலி, செய்யாவிட்டால் இல்லை. கை ஆறித் திரும்பிப் போனபோது அவன் இடத்தில் வேறு ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். நல்ல வேலைக்காரன். இவனைவிட வேகமாகச் செய்கிறான் என்று சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் இவனைப் பார்த்து, ‘‘தேவைப்பட்டா சொல்லி அனுப்புறேன்ப்பா’’ என்றாராம்.

அந்தப் பையன் மேல் இவனுக்குக் கோபம் இல்லை. மேனேஜர் மேல்கூட இல்லை என்றுதான் சொல்கிறான். இன்னொரு ஆபீஸில் சேர்ந்துவிட்டான். ஆனால் டி.வி.யில் மேட்ச் பார்க்கும்போது அவன் கண் ஆடுகிறவர்கள் மேல் மட்டும் இருப்பதில்லை. ஓரமாகத் தொப்பி போட்டு உட்கார்ந்திருப்பவர்களையும் பார்க்கிறது.

மேனேஜர் என்றதும் ஞாபகம் வருகிறது. இவன் தம்பி ஒருத்தன் இருக்கிறான். கோவில்பட்டியில் இன்ஜினீயரிங் படித்தவன். அவனுக்கு கிரிக்கெட்டைவிடக் கால்பந்தில்தான் பைத்தியம். ஏழாயிரம்பண்ணையில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு ராத்திரி முழித்திருந்து ரசிகனாக இருப்பவன். ‘‘அங்கல்லாம் கோச்சுன்னு சொல்ல மாட்டாங்க மாமா. மேனேஜர்தான். யாரை வாங்குறது, யாரை ஆடவைக்கிறது, யாரை உக்காரவைக்கிறது எல்லாம் அவர்தான்’’ என்று ஒரு முறை விளக்கினான். பக்கத்தில் இருந்த எங்கள் அக்கா, ‘‘மேனேஜர்னா சனிக்கிழம சம்பளம் குடுப்பாரா?’’ என்று கேட்டது தனிக் கதை.

லிவர்பூல் கதையை அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உங்களில் சிலருக்கு முன்பே தெரிந்திருக்கும். யர்கன் குளோப் என்று ஒரு ஜெர்மன்காரர் மேனேஜர். 2019-ல் ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் 30 வருஷம் கழித்து இங்கிலாந்தின் லீக் பட்டம் என்று வாங்கிக் கொடுத்தவர். அடுத்த சீசனில் சோதனை ஆரம்பித்தது. அக்டோபரில் எவர்ட்டனோடு நடந்த ஆட்டத்தில் பின்களத்தின் தூண் வான் டைக்குக்கு முழங்கால் போனது. நவம்பரில் கோமஸ். ஜனவரியில் மாடிப். மூன்று பேருமே நடுப் பின்களத்தில் ஆடுகிறவர்கள். வேறு வழியில்லாமல் நடுக்களத்தில் ஆடுகிறவர்களைப் பின்னால் இழுத்துப் போட்டார்கள். அதிலும் கேப்டன் ஹெண்டர்சனுக்குக் காயம். 2021 ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் சொந்த மைதானத்தில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களில் தோற்றார்கள். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய அந்த கிளப்பில் அதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. கொரோனா காலம். ஸ்டேடியத்தில் ஓர் ஆள் கிடையாது. அந்தச் சமயத்தில்தான் குளோப்பின் அம்மா ஜெர்மனியில் இறந்துபோனார். பயணக் கட்டுப்பாட்டால் இவரால் இறுதிச் சடங்குக்குப் போக முடியவில்லை. அவர் வேலையை விட்டுப் போகப்போகிறார் என்று வதந்தி கிளம்பியபோது, ரசிகர்கள் பூட்டிய ஸ்டேடியத்துக்கு வெளியே அவர் பேரைப் போட்டு ஒரு பெரிய பேனர் கட்டினார்கள். நாங்கள் கூட இருக்கிறோம் என்கிற அர்த்தத்தில்.

அந்த பேனரின் போட்டோவைக் காட்டிவிட்டு அவன் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ‘‘பேனர் கட்டுனதுக்காக ஜெயிக்கல மாமா. நாட் பிலிப்ஸ், ரைஸ் வில்லியம்ஸ்னு ரெண்டு பேரு. யாருக்குமே தெரியாது அவங்கள. அவங்கள பின்னாடி நிப்பாட்டித்தான் கடைசி மேட்ச்சுகள ஜெயிச்சாரு.’’ மே 16-ம் தேதி வெஸ்ட் பிராம் அணியோடு நடந்த ஆட்டத்தில், நேரம் முடிந்து காயத்துக்காகக் கூட்டிக் கொடுக்கிற நிமிஷங்களில், கோல்கீப்பர் அலிசன் தன் கோலை விட்டுவிட்டு அந்தப் பக்கம் ஓடிப்போய்த் தலையால் முட்டி கோல் போட்டார். சீசன் முடிவில் மூன்றாவது இடம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொறுத்தார் பூமியாள்வார் என்று முடித்துவிடலாம். ஆனால் நம்ம ஊரிலேயே நேர் எதிரான ஒரு கதை இருக்கிறதே!

சென்னையின் எஃப்.சி. என்ற கால்பந்து அணியை நீங்கள் மறந்திருக்கலாம். 2018 மார்ச் 17-ம் தேதி பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியத்தில், பெங்களூரு அணியை அவர்கள் ஊரிலேயே வைத்து 3-2 என்று ஜெயித்து ஐ.எஸ்.எல். கோப்பையைக் கொண்டுவந்தார்கள். ஜான் கிரிகரி என்ற இங்கிலாந்துக்காரர் கோச். அடுத்த சீசனில் அப்படியே தலைகீழ். சென்னைப் பையன் தனபால் கணேஷ், நடுக்களத்தைத் தாங்கியவர், முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போனார். 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. 9 பாயின்ட். கடைசி இடம். முந்தின வருஷத்து சாம்பியன்! அப்போதும் நிர்வாகம் கிரிகரியை நீக்கவில்லை. கோப்பை வாங்கித் தந்தவர் என்று பொறுத்தார்கள். ரசிகர்களும் பெரும்பாலும் பொறுத்தார்கள். அதற்கடுத்த சீசனில் ஆறு ஆட்டத்துக்கு ஒரே வெற்றி என்று ஆனபோது, 2019 நவம்பர் கடைசியில் அவர் விலகிக்கொண்டார். ஓவன் காயில் என்று ஒருத்தர் வந்தார். பெரும்பாலும் அதே பையன்களை வைத்துக்கொண்டு 2020 மார்ச்சில் இறுதிப் போட்டிவரை போய்விட்டார். கோவாவில் காலி ஸ்டேடியத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் தோற்றது வேறு விஷயம்.

ஆக, பொறுத்ததும் சரியாகியிருக்கிறது. பொறுக்காமல் ஆளை மாற்றியதும் சரியாகியிருக்கிறது. இதில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற நாம் எதை வைத்து முடிவு செய்வது?

சூப்பர் கிங்ஸ் ரசிகர்களின் பொறுமைக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. பிளெமிங் 2008-ல் ஆட்டக்காரராக வந்தவர். 2009-லிருந்து கோச். 2010, 2011, 2018, 2021, 2023 என்று ஐந்து கோப்பை. அதில் கடைசி இரண்டு எப்படி வந்தன என்று பாருங்கள். 2020-ல் ஏழாவது இடம். அடுத்த வருஷம் கோப்பை. 2022-ல் ஒன்பதாவது இடம். அப்போதும் காயம்தான் பேச்சு. 14 கோடி கொடுத்து வாங்கிய தீபக் சாஹர் ஒரு பந்துகூடப் போட முடியாமல் உட்கார்ந்தார். முதல் நாலு மேட்ச்சிலும் தோல்வி, பாதியில் கேப்டன் மாற்றம் என்று சிரிப்பாய்ச் சிரித்தது. அதற்கடுத்த வருஷமும் கோப்பை! இப்படி இரண்டு தடவை பார்த்துவிட்டவர்களுக்கு, விழுந்தால் எழுந்துவிடுவார்கள் என்பது வெறும் நம்பிக்கை இல்லை, அனுபவம். பாங்கில் போட்டு வைத்திருந்த பணம் மாதிரி. 2024-ல் ஐந்தாவது இடம் வந்து பிளே-ஆப் போகாதபோது அதிலிருந்து கொஞ்சம் எடுத்தோம். 2025-ல் மொத்தமாக எடுக்க வேண்டியதாயிற்று. தொடர்ந்து இரண்டு வருஷம் பிளே-ஆப் இல்லாமல் போனது அதுதான் முதல் முறை.

ஆனால் பழைய கோப்பைகளைக் காட்டிப் பொறுமை கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. காயத்தைக் காட்டிக் கேட்பதிலும் இல்லை. ருதுராஜ் விலகியதாக அறிவித்தபோது ஏற்கெனவே நாலு மேட்ச் தோற்றிருந்தார்கள். நாலிலும் அவர்தான் கேப்டன். ஏப்ரல் 5-ம் தேதி டெல்லியோடு ஆடியது நினைவிருக்கிறதா? ஜெயிக்க 184 வேண்டும். விஜய் சங்கர் 54 பந்தில் 69 எடுத்து அவுட் ஆகாமல் நிற்கிறார், மேட்ச் போய்க்கொண்டே இருக்கிறது. கண்ணெதிரே ஒரு பஸ் மெதுவாகக் கிளம்பிப் போவதைப் பார்ப்பது போல இருந்தது. அந்தத் தோல்வி எலும்பு முறிவால் வந்ததில்லை. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த ஏலத்தில், பார்த்துப் பழகிய பெயர்களாகத் தேடி வாங்கினார்களே, அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால், மருந்தும் காயத்திலிருந்துதான் வந்தது. ருதுராஜுக்குப் பதிலாக வந்தவர் ஆயுஷ் மாத்ரே. 17 வயசு. ஏப்ரல் 20-ல் வான்கடேயில் முதல் மேட்ச். 15 பந்தில் 32. மே 3-ம் தேதி பெங்களூரில் 48 பந்தில் 94 அடித்தார். அந்த மேட்ச்சும் இரண்டு ரன்னில் தோல்விதான். ஆனால் அன்றைக்கு டீக்கடையில் யாரும் கோச்சைத் திட்டவில்லை என்று மருமகன் போனில் சொன்னான். இன்னொரு காயத்தால் வந்தவர் டிவால்ட் பிரெவிஸ். மே 7-ல் கொல்கத்தாவுக்கு எதிராக 25 பந்தில் 52. வன்ஷ் பேடி என்ற பையனுக்குக் காயம், அவருக்குப் பதில் உர்வில் படேல் வந்து அதே மேட்ச்சில் 11 பந்தில் 31. நாம் மார்ச்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அடி, ஆள் அடிபட்ட பிறகுதான் வந்தது.

அப்படியானால் பிளெமிங்கிடம் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் தோற்றாய் என்பது இல்லை. யாருக்கும் காயமே ஆகாமல் இருந்திருந்தால் இந்தப் பையன்களைத் தேடியிருப்பாயா என்பதுதான். மாட்டார் என்றே நினைக்கிறேன். மேலும் நாலு மேட்ச் பழைய ஆட்களை வைத்தே ஆடியிருப்பார். அதேசமயம், வேறு வழியில்லை என்று ஆனதும் 17 வயசுப் பையனை வான்கடே கூட்டத்துக்கு நடுவே, ‘போய் உன் இஷ்டத்துக்கு அடி’ என்று அனுப்பினாரே, அதற்கு மார்க் போட்டுத்தான் ஆக வேண்டும். மானம் போகக் கூடாது என்று கட்டையைப் போடச் சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது. என் பொறுமை அவர் மேல் மிச்சம் இருப்பது இதனால்தானே தவிர, 2010-ல் வாங்கிய கோப்பையால் இல்லை.

இதையெல்லாம் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி மருமகனிடம் போனில் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ‘‘சரிதான் மாமா. பிரெவிஸ் யாருக்குப் பதிலா வந்தான்?’’ என்றான்.

எனக்குச் சட்டென்று வரவில்லை. உங்களுக்கு வருகிறதா? குர்ஜப்னீத் சிங். லூதியானாவில் பிறந்து, தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடுகிற இடது கை வேகப்பந்து வீச்சாளர். நல்ல உயரம். 2024-ல் கோயம்புத்தூரில் சௌராஷ்டிராவுக்கு எதிராக ஆறு விக்கெட் எடுத்தவர். 2 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கினார்கள். ஒரு மேட்ச்கூட ஆடாமலே காயம். ஏப்ரலில் விலகினார். அவர் இடத்தில் பிரெவிஸ் வந்து சிக்ஸராக அடிக்க, ஊரே எழுந்து நின்று ஆடியது. நானும் ஆடினேன்.

‘‘அந்தப் பையன் என்ன ஆனான் மாமா?’’

‘‘தெரியலையேப்பா… ஆஸ்பத்திரி, ட்ரீட்மென்ட்னு பாத்துட்டு இருப்பான்.’’

‘‘அவன் எடத்துல வந்தவன் இப்படி அடிக்கிறான். இவன மறுபடி எடுப்பாங்களா?’’

மே 25-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அகமதாபாத்தில் கடைசி மேட்ச். 230 ரன் குவித்து குஜராத்தை 83 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். பிரெவிஸ் 23 பந்தில் 57. ஆனாலும் 14 ஆட்டத்தில் நாலு வெற்றி, பத்து தோல்வி, பத்தாவது இடம். ஐ.பி.எல்.லில் கடைசி இடத்துக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவை. பிளெமிங்கை நீக்கவில்லை. அடுத்த சீசனுக்கும் அவரே கோச் என்று ஆனது. டீக்கடையில் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள். தீபாவளி ஆர்டர் ஆரம்பித்துவிட்டது. யாருக்கும் நேரம் இல்லை.

நவம்பர் 15, சனிக்கிழமை. தீபாவளி முடிந்து ஊரில் வேலை குறைந்திருந்த சமயம். அணிகள் யாரை வைத்துக்கொள்கின்றன, யாரை விடுகின்றன என்று சொல்ல வேண்டிய கடைசி நாள். அன்றைக்குக் காலையிலேயே ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டார்கள் என்று செய்தி வந்து, ஊரெல்லாம் ஒரே களேபரம். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த ஜடேஜாவையே விட்டுவிட்டார்களே என்று எனக்குத் தெரிந்த பாதிப் பேர் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். என் போனில் மட்டும் பதினேழு மெசேஜ். எல்லாம் ஜடேஜா.

சாயங்காலம் மருமகன் கூப்பிட்டான். இவனும் அழப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன்.

‘‘மாமா, லிஸ்ட் பாத்தீங்களா?’’

‘‘ஆமா மாப்ள. ஜடேஜா போயாச்சு.’’

‘‘அத விடுங்க மாமா. கடைசியில பாருங்க. குர்ஜப்னீத் பேரு இருக்கு.’’